நீர்க்கம்பைச் சிறையில் யாருக்கும் நோயில்லை

நீர்க்கம்பைச் சிறையில் நோய் தடை செய்யப்பட்டிருந்தது. நான் நர்ஸாக வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையிலேயே வார்டர் பாண்டியன் இந்தத் தகவலை எனக்குத் தெரிவித்துவிட்டார். வாசலில் என் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தவர், உள்ளே இருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை இரண்டு விரலால் தூக்கிப் பொத்தானை அழுத்தினார். அது 'பீப்' என்றது. அவர் ஓரடி பின்னால் போனார்.

"ஏனுங்க சிஸ்டர், இது செல்போனுங்களா?"

"காய்ச்சல் பாக்கறதுங்க."

"சத்தம் போடுதுங்களே. சத்தம் போடறது எதையும் உள்ள உடமாட்டோமுங்க. அதுமில்லாம இங்க யாருக்கும் காய்ச்சலே வராதுங்க. தடை பண்ணியிருக்குது."

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தெர்மாமீட்டரைக் கஞ்சாப் பொட்டலங்களோடு சேர்த்து ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

என் பெயர் கலைமதி. கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயன் வீட்டில் பிறந்தவள். கோயமுத்தூரில் நர்சிங் படித்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டி, அரசாங்க உத்தரவு கையில் கிடைத்ததும் மறுபடி மலையேறினேன். எங்கள் லயனில் அரசாங்க வேலைக்குப் போகும் முதல் பெண் என்று கோயிலில் வைத்து மாலை போட்டார்கள். எந்தச் சிறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாலையைத் திரும்ப வாங்கியிருப்பார்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் நடுநிலையோடு சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரு மனிதர்மேல் கோபம் இருக்கிறது. அது ஆறவில்லை, ஆற வேண்டும் என்று நான் முயற்சி செய்யவும் இல்லை. அவர் பெயர் பாலகுமார். நீர்க்கம்பைச் சிறையின் கண்காணிப்பாளர். எல்லோருக்கும் சூப்பிரண்டு ஐயா.

ஐயாவின் அறையில் காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று என்று ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஐயா சிவகாசிப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவர். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் சால்வை போர்த்தி, குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பின்னால் சுவரில் கேடயங்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாவற்றிலும் 'நோயற்ற சிறை' என்று பொன்னெழுத்து.

"உட்காரும்மா. நோயே இல்லாத சிறையில நர்ஸுக்கு என்ன வேலைன்னு கேப்ப. நோய் இல்லைன்னு சொல்றதுதான் வேலை. நானே சொன்னா நம்ப மாட்டாங்க பாரு. டாக்டர் பணியிடம் ஒண்ணு இருந்துச்சு, வேண்டாம்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். டாக்டர் இருந்தா நோய் வரும். குடை எடுத்துட்டுப் போனா மழை வர்ற மாதிரி."

"குடை எடுக்காத அன்னிக்குத்தானுங்க மழை வரும்."

"அது வெளியில. இது சிறை." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நோய்ங்கிறது என்ன? ஒரு சலுகை. படுத்துக்கலாம், பால் கிடைக்கும், நாலு பேர் வந்து பார்ப்பாங்க. நேர்மையா உழைச்சு வாழ்றவனுக்கே இந்தச் சலுகை கிடைக்கலை. திருட்டுப் பயலுக்கு எப்படிக் கொடுக்கிறது? மூணு வருஷமா இங்க ஒருத்தனுக்கும் ஒண்ணும் வரலை. இங்க ஒருத்தன் செத்தாக்கூட ஆரோக்கியமாத்தான் சாவான்."

பேசி முடித்தபோது அவர் நெஞ்சுக்குள் டீக்கடை பாய்லர் போல விசில் அடித்தது. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு இன்ஹேலரை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி இரண்டு இழுப்பு இழுத்தார். "இது வாசனைக்கு" என்றார்.

நோயைத் தடை செய்வது லேசான காரியமில்லை. அதற்கென்று அங்கே ஏற்பாடுகள் இருந்தன. காலை அணிவகுப்பில் உடம்பு சரியில்லாதவர்கள் கையைத் தூக்க வேண்டும். தூக்கியவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஓடி முடித்தவனுக்கு நோயில்லை, ஓடியதே சாட்சி. ஓட முடியாமல் விழுந்தவன் உத்தரவை மீறியவன், அவனுக்குத் தேவை மருந்தல்ல, தண்டனை. நானும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வலையிலிருந்து ஒரு நோயாளிகூடத் தப்பி என்னிடம் வந்து சேரவில்லை.

சிறைக்கென்று ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் இருந்தது. உடைத்தால் குத்தலாம் என்பதால் அதை ஆயுதமாக வகைப்படுத்தி, துப்பாக்கி அறையில் துப்பாக்கிகளுக்கு நடுவே படுக்க வைத்திருந்தார்கள். அது வெளியே வரும்போது இரண்டு வார்டர்கள் தடியோடு கூட வர வேண்டும். ஒருமுறை மன்றாடி வாங்கி, சமையல்கட்டில் வேலை பார்த்த ஒரு கைதியின் வாயில் வைத்தேன். இரண்டு பக்கமும் தடி நிற்பதைப் பார்த்து அவருக்கு வியர்த்து ஊற்றியது, காய்ச்சல் இறங்கிவிட்டது. "நம்ம வைத்தியம் எப்படி?" என்று சூப்பிரண்டு ஐயா என்னிடம் கேட்டார்.

மாத்திரை என்றால் பாதி மாத்திரைதான். மீதிப் பாதியைக் கேட்டதற்கு அவர் விளக்கம் சொன்னார். "முதல் பாதியிலேயே குணமாயிட்டா மறுபாதி எதுக்கு? குணமாகலைன்னா மாத்திரை சரியில்லைன்னு அர்த்தம். சரியில்லாத மாத்திரையில மறுபாதி எதுக்கு?" நான் அன்றிரவு படுக்கையில் கிடந்து இதற்குப் பதில் யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. இன்றைக்கும் கிடைக்கவில்லை.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடிக்காதது இருமல். இருமல் நோயல்ல, மொழி என்பது அவர் கட்சி. அறையைப் பூட்டிய பிறகு ஒருவன் இருமினால், அடுத்த அறைக்காரன் பதிலுக்கு இருமினால், அது தப்பிக்கும் திட்டம். அதனால் வார்டர் பாண்டியன் அறைகளுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இருமலைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

"நேத்து என்ன பேசிக்கிட்டானுங்க?"

"ரெண்டு நீட்டமுங்க ஐயா, ஒண்ணு குட்டை. அப்பறம் ஒரு கனைப்பு."

"கனைப்பா! அதுதான் தேதி."

அப்படி அதிகமாகப் 'பேசியவர்' மாரிச்சாமி. எங்கள் கோத்தகிரிப் பக்கத்துக்காரர், சிலோன் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம், தினக்கூலி. காற்றுக்கு ஒடிந்து விழுந்து கிடந்த சில்வர் ஓக் கிளையை விறகுக்கு இழுத்துப் போனார் என்று ஒரு எஸ்டேட்காரர் திருட்டு வழக்குப் போட்டிருந்தார். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் உள்ளே கிடந்தார். வரும்போது மூட்டை தூக்குகிற ஆளாக இருந்தாராம். நான் பார்த்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

"ராவு பூரா வேர்க்குது தாயி" என்றார். "பனிக்கு எல்லாரும் நடுங்குறாக. எனக்கு மட்டும் சட்டை நனைஞ்சு போகுது. சோறு எறங்க மாட்டேங்குது."

இது காசநோய் என்று சொல்ல நர்சிங் படிப்பே வேண்டாம். எங்கள் லயனில் பிறந்த யாருக்கும் இந்த இருமலைத் தெரியும். மருந்து கொடுத்தால் குணமாகும், கொடுக்காவிட்டால் ஆளைத் தின்றுவிடும். அவரோடு அந்த அறையில் அடைபட்டிருக்கும் மற்றவர்களையும் விடாது. மாரிச்சாமியின் சளியைப் பரிசோதனைக்கு ஊட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று சூப்பிரண்டு ஐயாவிடம் போய் நின்றேன்.

"சளியா?" அவர் குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிக்கொண்டார். "சளி இருக்குன்னா நோய் இருக்குன்னு ஆகும். நோய் இருக்குன்னா இந்த வருஷக் கேடயம் போகும். கேடயம் போனா என் மாறுதல் போகும். ஒருத்தன் சளிக்காக ஒரு சிறையோட மானத்தைத் துப்பச் சொல்றியா?"

மாறுதல் விஷயம் சிறைக்கே தெரிந்ததுதான். இந்தக் குளிரில் மூச்சுத் திணறுகிறது, ஆஸ்துமா முற்றிவிட்டது, சமவெளிக்கு மாற்றுங்கள் என்று அவர் தலைமையகத்துக்கு மனுப் போட்டிருந்தார். நோயில்லாத சிறையை நடத்திய பெருமையைக் காட்டி, நோயின் காரணமாக மாறுதல் கேட்டிருந்தார். இதில் ஏதோ இடிக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

தை மாதத்தில் உறைபனி கொட்டிய ஒரு காலையில் மாரிச்சாமியை மைதானத்தில் நிற்க வைத்தார்கள். இருமலை நிறுத்தும் வரை கம்பளி கிடையாது என்பது தண்டனை. புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. நான் ஓடிப்போய் என் ஸ்வெட்டரைக் கழற்றுவதற்குள் அவர் குனிந்து இருமினார், வெள்ளைப் புல்லில் சிவப்பாகத் துப்பினார், மண்டி போட்டு விழுந்தார்.

சூப்பிரண்டு ஐயா வந்து பார்த்தார். குனிந்தும் பார்த்தார். அவர் முகம் கோபத்தில் சிவந்தது.

"வெற்றிலை!" என்றார். "சிறைக்குள்ள வெற்றிலை எப்படிடா வந்துச்சு?"

"ரத்தமுங்க ஐயா" என்றேன்.

"உனக்கு அனுபவம் பத்தாதும்மா. நான் இந்தத் துறையில எத்தனை வெற்றிலை பார்த்திருக்கேன்!"

அன்று தொடங்கியது வெற்றிலை விசாரணை. எல்லா அறைகளையும் கவிழ்த்துப் போட்டார்கள். தலையணையைக் கிழித்தார்கள். சுண்ணாம்பு இருக்கிறதா என்று சுவரைச் சுரண்டினார்கள். சுவரில் சுண்ணாம்பு இருந்தது, அதனால் சந்தேகம் உறுதியானது. கைதிகள் வரிசையாக நின்று நாக்கை நீட்டினார்கள், சூப்பிரண்டு ஐயா டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே போனார். மூன்று வருஷத்தில் அந்தச் சிறையில் நடந்த ஒரே மருத்துவப் பரிசோதனை அதுதான். வெற்றிலை அகப்படவில்லை. அகப்படாததால் இது பெரிய கூட்டத்தின் வேலை என்று முடிவானது. கொண்டுவந்து கொடுப்பவள் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, மாரிச்சாமியை வீட்டார் வந்து மனு பார்ப்பதை நிறுத்தினார்கள்.

மாரிச்சாமியின் மனைவி ஆண்டாயி கோத்தகிரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்றாள். கையில் ஒரு பழைய ஸ்வெட்டர். அதை வாங்கக்கூடாது என்று உத்தரவு.

"நாங்க வெத்தலை போடுற சனமே இல்ல தாயி" என்றாள் என்னிடம். "அவுகளுக்கு எஸ்டேட்டுலயே லேசா இருமலு இருந்துச்சு. துப்புனது ரத்தமாத்தேன் இருக்கும். இம்புட்டுப் பெரிய தொரைக்கு ரத்தம் தெரியாதா?"

 அவருக்குத் தெரியாமல் இல்லை, தெரியும் என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம். அவள் அந்த ஸ்வெட்டரை மடித்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். இந்த ஆளை நான் சும்மா விடப்போவதில்லை என்று வாசலில் நின்றே சபதம் எடுத்தேன். நர்ஸ் சபதம் எடுக்கலாமா என்று கேட்பவர்கள் ஒருமுறை அந்த வாசலில் போய் நிற்கட்டும்.

முறையாகவும் முயன்றேன். தலைமையகத்துக்குப் போன் போட்டு, நீர்க்கம்பைச் சிறையில் ஒருவர் ரத்தம் கக்குகிறார் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் கொஞ்ச நேரம் எதையோ புரட்டினார். "நீர்க்கம்பை நோயற்ற சிறையாச்சேம்மா. அங்கிருந்து இப்படி ஒரு போன் வர வாய்ப்பே இல்லை. நீங்க தப்பான நம்பருக்குப் போட்டிருக்கீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போதுதான் கேடயக் குழு வரப்போகும் செய்தி வந்தது. இந்த வருஷம் புது விதி. நோயில்லாமல் இருந்தால் மட்டும் போதாது, நோய் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நடித்தும் காட்ட வேண்டும். ஒரு கைதி மயங்கி விழ வேண்டும், நர்ஸ் முதலுதவி செய்ய வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து அவரை ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக வேண்டும். ஒத்திகைதான் என்று ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சூப்பிரண்டு ஐயாவுக்குத் தலை கால் புரியவில்லை. நோயாளி வேஷத்துக்கு வார்டர் பாண்டியனைத் தேர்ந்தெடுத்தார். காரணம், பாண்டியனுக்குத் தொந்தி இருந்தது. "நம்ம சிறை நோயாளின்னா பார்க்கிறப்பவே ஆரோக்கியம் தெரியணும்." பதினைந்து நாள் மயக்கப் பயிற்சி நடந்தது. பாண்டியன் விழுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தரையைக் கையால் தட்டிச் சுத்தம் செய்துகொண்டார். "அப்படி இல்லடா, இப்படி!" என்று ஐயாவே விழுந்து காட்டினார். எழும்போது அவருக்கு மூச்சிரைத்து, வாசனை பிடிக்க உள்ளே ஓட வேண்டியதாயிற்று.

குழு வரும் அன்று நிஜமாக இருமுகிறவர்களை என்ன செய்வது? அதற்கும் உத்தரவு வந்தது. மாரிச்சாமியைச் சமையல்கட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் அடைத்து, வாயில் துணியைக் கட்டி, மேலே சாக்குப் போட்டு மூட வேண்டும். இந்த வேலையையும் பாண்டியன் தலையிலேயே கட்டினார்கள்.

நான் பாண்டியனைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏனுங்ணா, அத்தனை நாளா அந்த ரூமுக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்து இருமலைக் கேட்டீங்களே. இந்தக் காசம் எப்படிப் பரவுதுன்னு தெரியுமுங்களா?"

"எப்படீங்க?"

"காத்துலதானுங்க. இருமறவரு மூஞ்சிக்கு நேரா உக்காந்திருந்தீங்களே, அப்படி."

பாண்டியன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது. "சிஸ்டர், ஊட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்க. அப்ப எனக்கும் வந்திருக்குமுங்களா?"

"பரிசோதனை பண்ணிப் பாத்தாத்தான் தெரியுமுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு ஒரு ஆம்புலன்ஸ் வருது. ஒருத்தரு படுத்துட்டுப் போகலாம், ஒருத்தரு காவலுக்கு உக்காந்துட்டுப் போகலாம்."

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் உக்காந்துக்கறனுங்க" என்றார்.

குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் தலைமையகத்துப் பெரிய மேடம். வந்தவர்களுக்குச் சூடாகத் தேநீரும் ஊட்டி வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மைதானத்தில் ஷாமியானா, மைக், பூத்தொட்டி. கைதிகளெல்லாம் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சூப்பிரண்டு ஐயா அன்று குல்லா போடவில்லை, ஸ்வெட்டரும் போடவில்லை. குளிர் தாங்கும் வீரனாக வெறும் யூனிஃபாரத்தில் நடுங்கினார். மாறுதல் உத்தரவு மேடத்தின் பையில் இருக்கிறது என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் வீட்டுச் சாமான்களைப் பெண்டாட்டியோடு விடியற்காலையிலேயே லாரியில் ஏற்றிச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார்.

கொட்டகைப் பக்கம் ஒரு கைதி மயங்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி விசில் ஊதினார்கள். விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து நானும் நான்கு கைதிகளும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தோம். படுத்திருந்தவருக்குக் கழுத்து வரை கம்பளி, முகத்தில் முகக்கவசம். மேடத்தின் முன்னால் வந்ததும் கம்பளிக்குள்ளிருந்து இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஆளையே உலுக்கி, ஸ்ட்ரெச்சரைத் தூக்கியிருந்த எங்கள் கைகளையும் உலுக்கிவிட்டுப் போன இருமல்.

மேடம் நெஞ்சில் கை வைத்தார். "அப்பப்பா, என்ன நடிப்பு! நிஜம் தோத்துப் போகும்."

"பதினஞ்சு நாள் பயிற்சி மேடம்" என்றார் சூப்பிரண்டு ஐயா. "விழறதுகூட நானே கத்துக் கொடுத்தது." பெருமை தாங்காமல் நோயாளியைத் தட்டிக் கொடுக்கக் குனிந்தார். தொந்தி இருக்க வேண்டிய இடத்தில் அவர் கை பள்ளத்தில் போய் விழுந்தது. முகக்கவசத்துக்கு மேலே இருந்த கண்களைப் பார்த்தார். மாரிச்சாமியும் அவரைப் பார்த்தார்.

நான் என் வாழ்க்கையில் பார்த்த மிக அழகான காட்சி அது. ஊட்டி மலர்க்கண்காட்சியெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. நிறுத்துங்கள் என்று சொல்ல அவர் வாய் திறந்தது. ஏன் நிறுத்த வேண்டும் என்று மேடம் கேட்டால் என்ன சொல்வது? 'இவன் நடிக்கவில்லை, இவனுக்கு நிஜமாகவே நோய்' என்று சொல்ல வேண்டும். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார். பத்திரிகைக் கேமராக்காரர்கள் நெருங்கி வந்தார்கள்.

"ஐயா, அனுப்பலாமுங்களா?" என்று நான் மைக்குக்குப் பக்கத்தில் போய்ச் சத்தமாகக் கேட்டேன்.

மேடம் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ சூப்பிரண்டு ஐயாவின் கையில் பச்சைக் கொடியைத் திணித்தார்கள். அவர் அதை அசைத்தார். யூனிஃபாரம் மாட்டிய பாண்டியன் காவலுக்கு ஏறி உட்கார்ந்ததும் ஆம்புலன்ஸ் சங்கு ஊதிக்கொண்டு போனது. ஒத்திகை என்று சொல்லியிருந்தபடியே ஆஸ்பத்திரியில் எல்லோரும் தயாராக நின்றார்களாம். ஆளைப் பார்த்த டாக்டர் ஒத்திகையை அந்த இடத்திலேயே முடித்துவிட்டு மாரிச்சாமியை வார்டில் சேர்த்தார்.

கேடயமும் கிடைத்தது. அங்கேயே நடந்த பாராட்டு விழாவில் நர்ஸும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்கள். எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. ஆனாலும் வாய்ப்பு வரும்போது வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கமும் கிடையாது.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றேன். "இந்தச் சிறையில யாருக்கும் நோய் வராதுங்க. அதுக்குக் கைதிகளைப் பாக்கவே வேண்டாம், எங்க சூப்பிரண்டு ஐயாவைப் பாத்தாலே போதும். இந்தக் குளிர்ல ஒரு ஸ்வெட்டர்கூட இல்லாம நிக்கறாருங்க. மூணு வருஷத்துல அவருக்கு ஒரு தும்மல்கூட வந்து நான் கேள்விப்பட்டதில்லீங்க."

மேடம் நிமிர்ந்தார். பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "தும்மல்கூட இல்லையா? ஆஸ்துமா முத்திப்போச்சு, ராத்திரியெல்லாம் மூச்சு விட முடியலைன்னு எனக்கு மனுக் கொடுத்திருக்காரே. என்ன பாலகுமார், இங்க நோய் இருக்கா, இல்லையா?"

மைக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அது என் கடமை என்று பட்டது.

சூப்பிரண்டு ஐயா கேடயத்தைப் பார்த்தார், மேடத்தின் பையைப் பார்த்தார், மறுபடியும் கேடயத்தைப் பார்த்தார். உண்டு என்றால் மூன்று வருஷப் பொய்யும் ஆம்புலன்ஸில் போனவனும் அவர் தலையில் விடியும். இல்லை என்றால் மாறுதல் போய் மலையே கதி.

"அது... மனுக் கொடுத்தப்ப இருந்துச்சு மேடம்" என்றார். நெஞ்சுக்குள் விசில் கிளம்பியது. அதை அமுக்கக் குரலை உயர்த்தினார். "இந்தச் சிறையோட ஒழுங்கு, இந்த மலையோட காத்து, ரெண்டும் சேர்ந்து குணமாக்கிடுச்சு. இப்ப ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமே இல்லை மேடம்!"

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் மேடம். "உடம்புக்கு ஒத்துக்கிட்ட இடத்தை விட்டு உங்களைக் கீழ இறக்கினா எனக்குப் பாவம். ரிட்டயர் ஆகிற வரைக்கும் நீங்க நீர்க்கம்பைதான்." பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதிகள் தட்டியதுதான் அதிக நேரம் கேட்டது.

மாரிச்சாமிக்குக் காசநோய் உறுதியானது. சிகிச்சை நடக்கிறது என்று கோர்ட்டில் சொல்லி ஜாமீனும் வாங்கினார்கள், எங்கள் லயன்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பாண்டியனுக்கும் அவர் குழந்தைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் மாரிச்சாமியின் ஒரு பக்க நுரையீரல் போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னார். மைதானத்தில் நிற்க வைப்பதற்கு முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமாம். இனி அவர் மலைச்சரிவில் மூட்டை தூக்க முடியாது, ஆண்டாயி ஒருத்தி கொழுந்து பறித்துத்தான் சாப்பிட வேண்டும். மேடையில் அந்த மனிதர் பட்ட அவமானத்தோடு என் கோபம் தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து, இருட்டுகிற நேரத்தில், மருந்தறையின் பின்கதவைத் தட்டினார்கள். சூப்பிரண்டு ஐயா நின்றார். ரஜாய், போர்வையெல்லாம் லாரியில் போய்விட்டதால் மேலே ஒரு ஜன்னல் திரையைப் போர்த்தியிருந்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வாசனை தீர்ந்துவிட்டதாம். புதிதாக வாங்க ஊட்டியில் எந்தக் கடைக்குப் போனாலும், பேப்பரில் படம் பார்த்தவர்கள், "நோயே இல்லாத சூப்பிரண்டுதானே?" என்று கேட்கிறார்களாம்.

"சிஸ்டர்... மூச்சு..."

நான் நர்ஸ். உட்கார வைத்து, முகத்தில் மாஸ்க்கை மாட்டி, நெபுலைசரில் மருந்து விட்டேன். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. பேச வந்ததும் அவர் பேசிய முதல் வார்த்தை, "வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்மா" என்பதுதான்.

"மருந்து எப்ப வந்தாலும் உண்டுங்க ஐயா" என்றேன். "நிறுத்த மாட்டேன். நிறுத்தினா நான் நர்ஸே இல்லீங்க. ஆனா இந்த வாய் இருக்குதுங்களே, இதுக்குப் பூட்டுப் போடறது கஷ்டமுங்க. மேடம் நம்பர் வேற எங்கிட்ட இருக்குது. மூணாம் ரூம்ல ஒருத்தருக்குச் சக்கரை ஏறி காலு அழுகிட்டிருக்குதுங்க. நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு அனுப்பினீங்கன்னா அந்த வேலைல நான் இதை மறந்தாலும் மறந்துருவேன்."

அவர் ஜன்னல் திரையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "அனுப்பு" என்றார்.

அன்றிலிருந்து அதுவே நீர்க்கம்பைச் சிறையின் மருத்துவ முறை. அவர் பின்கதவைத் தட்டினால் மறுநாள் காலையில் யாராவது ஒருவர் முன்கதவு வழியாக ஆஸ்பத்திரிக்குப் போவார். வெயில் அடிக்கும் மாதங்களில் அவர் தட்டுவது குறைந்துபோகிறது, வரிசையில் நிற்பவர்கள் தவிக்கிறார்கள். இன்னும் ஹெர்னியாக்காரர் ஒருவரும் கண்புரைக்காரர் இருவரும் பாக்கி இருக்கிறார்கள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலுக்குப் போய், இந்த வருஷம் பனி நன்றாகக் கொட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறேன்.